குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளப் பாதுகாப்பு (இந்தியா)

குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளப் பாதுகாப்பு என்பது, ஒரு குற்றத்துக்கு ஆளான நபரின் பெயர், முகவரி, ஒளிப்படம், குடும்பம், பணியிடம், பள்ளி போன்ற விவரங்கள் காவல் துறை, நீதிமன்றம், மருத்துவமனை, அரசு அலுவலகம் ஆகியவற்றின் பதிவேடுகள் வழியாகப் பொதுமக்களுக்குத் தெரியவராமல் காக்கும் சட்ட விதிகளையும் நடைமுறைகளையும் குறிக்கும். இந்தியாவில் இப்பாதுகாப்பு பாலியல் குற்றங்களால் பாதிக்கப்பட்டோருக்கும், எவ்வகைக் குற்றத்தாலும் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கும் கட்டாயமானதாக உள்ளது. பிற குற்றங்களால் பாதிக்கப்பட்ட வயது வந்தோருக்கு இது பெரும்பாலும் நீதிமன்றத்தின் விருப்புரிமையைச் சார்ந்தது.

1983 இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 228அ பிரிவு இதன் தொடக்கப் புள்ளியாகும். சூலை 1, 2024 முதல் அப்பிரிவின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72, 73 ஆம் பிரிவுகள் நடைமுறையில் உள்ளன. உச்ச நீதிமன்றம் 2018 இல் நிபுண் சக்சேனா எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கில் அளித்த தீர்ப்பு, பதிவேடுகளை எவ்வாறு கையாள வேண்டும் என்பதற்கான முதன்மை வழிகாட்டியாக விளங்குகிறது.

தேவை

நீதிமன்ற நடவடிக்கைகள் வெளிப்படையாக நடைபெற வேண்டும் என்பது பொதுவான சட்டக் கோட்பாடு. மூடிய கதவுக்குள் வழங்கப்படும் நீதியை மக்கள் சரிபார்க்க இயலாது. எனவே குற்ற வழக்கின் ஆவணங்கள் பல, பொது ஆவணங்களாகவே கருதப்படுகின்றன. ஆனால் அந்த ஆவணங்களில் குற்றம் செய்ததாகச் சொல்லப்படுபவரின் பெயருடன், எந்தத் தவறும் செய்யாத ஒருவரின் பெயரும் இடம்பெறுகிறது. புகார் கொடுத்த காரணத்தாலேயே அவரது வாழ்வின் மிகத் துன்பமான நிகழ்வு ஊரார் அனைவரும் படிக்கக்கூடிய செய்தியாகிவிடுகிறது.

இவ்வாறு வெளியாவதால் ஏற்படும் கேடுகள் பலவாகும்.

- குற்றம் சாட்டப்பட்டவரோ அவரைச் சார்ந்தவர்களோ பாதிக்கப்பட்டவரை மிரட்டவும், சமரசத்துக்கு வற்புறுத்தவும், தாக்கவும் வழி ஏற்படுகிறது.
- கல்வி, திருமணம், வேலை, வாடகை வீடு ஆகியவற்றில் ஒதுக்கப்படும் நிலை உருவாகிறது. இந்தியச் சூழலில் பாலியல் குற்றத்தின் களங்கம் குற்றவாளியைவிடப் பாதிக்கப்பட்டவர் மீதே அதிகம் சுமத்தப்படுகிறது.
- சாட்சியம் அளிக்கும் முன்பே பாதிக்கப்பட்டவர் மனம் தளர்ந்து பின்வாங்க நேரிடுகிறது.
- ஒருவருக்கு நேர்ந்ததைக் காணும் பிறர், தமக்கு அவ்வாறு நிகழ்ந்தால் புகார் கொடுக்கத் தயங்குகின்றனர்.

கடைசியாகக் கூறப்பட்டதே சட்டம் இயற்றுவோர் அதிகம் சுட்டும் காரணமாகும். அடையாளப் பாதுகாப்பு ஒரு தனிநபருக்கு அளிக்கப்படும் சலுகை மட்டுமன்று. குற்றங்கள் வெளிச்சத்துக்கு வருவதற்கான முன்நிபந்தனையும் ஆகும்.

விவரங்கள் இடம்பெறும் ஆவணங்கள்

ஒரு குற்ற வழக்கில் பாதிக்கப்பட்டவரின் விவரங்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. வழக்கு நகரும் ஒவ்வொரு படியிலும் புதிய ஆவணம் உருவாகிறது.

- முதல் தகவல் அறிக்கை: புகார் கொடுப்பவரின் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், பிறந்த நாள் அல்லது ஆண்டு, தொழில், முகவரி ஆகியவற்றுக்கான கட்டங்கள் இதன் படிவத்திலேயே உள்ளன. நிகழ்ந்தவை புகார்தாரரின் சொற்களிலேயே இதில் எழுதப்படுகின்றன.
- வாக்குமூலங்கள்: காவல் துறையிடமும், நீதித்துறை நடுவரிடமும் பதிவு செய்யப்படுபவை.
- மருத்துவப் பரிசோதனை அறிக்கை, தடயவியல் அறிக்கை.
- குற்றப்பத்திரிகையும் அதனுடன் இணைக்கப்படும் சாட்சிகள் பட்டியலும்.
- நீதிமன்றத்தின் அன்றாட வழக்குப் பட்டியல், இடைக்கால உத்தரவுகள், தீர்ப்புரை.
- மேல்முறையீட்டு மனுக்கள், பிணை மனுக்கள்.
- இழப்பீடு கோரும் விண்ணப்பங்கள், வழக்கை வேறு விசாரணை அமைப்புக்கு மாற்றும் அரசாணைகள், அலுவலகக் கடிதங்கள்.

இவற்றுள் ஏதேனும் ஒன்றில் பெயர் மறைக்கப்படாமல் விடுபட்டால் மற்றவற்றில் மறைத்ததன் பயன் இல்லாமல் போகிறது. காகிதக் கோப்புகளின் காலத்தில் ஓர் ஆவணத்தைப் படிக்க விரும்புபவர் நீதிமன்ற அலுவலகத்துக்கு நேரில் சென்று நகல் பெற வேண்டியிருந்தது. அந்தச் சிரமமே ஓரளவு பாதுகாப்பாக இருந்தது. காவல் துறையின் கணினி வலையமைப்பு, மின்-நீதிமன்றத் திட்டம், தீர்ப்புகளைத் தேடித்தரும் இணையத்தளங்கள் ஆகியவை வந்தபின் அந்த இயல்பான தடை நீங்கிவிட்டது. பல ஆண்டுகளுக்கு முந்தைய தீர்ப்பும் ஒரு பெயரைத் தேடுவோருக்கு நொடிகளில் கிடைக்கக்கூடும்.

வரலாறு

1972 ஆம் ஆண்டு மகாராட்டிர மாநிலத்தின் சந்திரப்பூர் மாவட்டத்தில், காவல் நிலையம் ஒன்றில் பழங்குடி இளம்பெண் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாக வழக்குத் தொடரப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட காவலர் இருவருக்கும் மும்பை உயர் நீதிமன்றம் தண்டனை வழங்கியது. 1978 இல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. இத்தீர்ப்பைக் கண்டித்து உபேந்திர பக்சி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்ட அறிஞர்கள் 1979 இல் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினர். நாடு தழுவிய மகளிர் இயக்கங்களின் போராட்டம் இதைத் தொடர்ந்தது.

இப்போராட்டத்தின் விளைவாக 1983 ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தம் நிறைவேறியது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதைக் குற்றமாக்கும் 228அ பிரிவு தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. பாலியல் வன்கொடுமை வழக்குகளை மூடிய அறையில் விசாரிக்க வேண்டும் என்ற விதி குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 327 ஆம் பிரிவில் சேர்க்கப்பட்டது. பெயரை மறைக்கும் சட்டத்துக்குக் காரணமான அவ்வழக்கு மட்டும் இன்றளவும் சட்ட நூல்களில் அப்பெண்ணின் பெயராலேயே குறிக்கப்படுகிறது. ஒருமுறை பதிவேட்டில் ஏறிய பெயரைப் பின்னர் நீக்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதுவே சான்றாகும்.

1994 இல் ஆர். இராசகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தனியுரிமைக்கும் பத்திரிகைச் சுதந்திரத்துக்கும் இடையிலான எல்லையை ஆராய்ந்தது. சிறைக் கைதி ஒருவரின் தன்வரலாற்றைத் தமிழ் இதழான நக்கீரன் வெளியிட முயன்றதிலிருந்து இவ்வழக்கு எழுந்தது. நீதிமன்றப் பதிவேடு உள்ளிட்ட பொதுப் பதிவேடுகளில் உள்ளவற்றை வெளியிடுவது பொதுவாகத் தனியுரிமையை மீறியதாகாது என்று நீதிமன்றம் கூறியது. அதே இடத்தில் ஒரு விலக்கையும் வகுத்தது: பாலியல் தாக்குதல், கடத்தல் போன்ற குற்றங்களுக்கு ஆளான பெண்ணின் பெயரும் நிகழ்வும் ஊடகங்களில் விளம்பரப்படுத்தப்பட்டு அவர் மேலும் இழிவுக்கு ஆளாக்கப்படக் கூடாது. பொதுப் பதிவேட்டில் இருப்பதனாலேயே ஒன்றை வெளியிட்டுவிடலாம் என்னும் வாதம் பாதிக்கப்பட்டோர் தொடர்பில் செல்லாது என்பது இதனால் நிலைபெற்றது.

1996 இல் பஞ்சாப் அரசு எதிர் குர்மித் சிங் வழக்கில், மூடிய அறை விசாரணை விதிவிலக்கன்று, அதுவே விதி என்று உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. கீழமை நீதிமன்றங்கள் தம் உத்தரவுகளில் பாதிக்கப்பட்டவரின் பெயரைக் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. 2017 இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்தபோது இப்பாதுகாப்புக்கு அரசியலமைப்பின் வலுவும் கிட்டியது.

சட்ட விதிகள்

தண்டனைச் சட்டம்

பாரதிய நியாய சன்ஹிதாவின் 72 ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட பாலியல் குற்றங்களால் பாதிக்கப்பட்டதாகக் கூறப்படும் அல்லது கண்டறியப்பட்ட நபரின் பெயரையோ, அவரை அடையாளம் காட்டக்கூடிய எதனையுமோ அச்சிடுவதும் வெளியிடுவதும் இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கத்தக்க குற்றமாகும். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருக்க வேண்டிய தேவையில்லை. புகார் இருப்பதே போதுமானது.

இதற்கு மூன்று விலக்குகள் உள்ளன.

- காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ விசாரணை அதிகாரியோ, விசாரணைக்காக நல்லெண்ணத்துடன் எழுத்து வடிவில் அளிக்கும் உத்தரவு.
- பாதிக்கப்பட்டவரே எழுத்து வடிவில் அளிக்கும் ஒப்புதல்.
- பாதிக்கப்பட்டவர் இறந்தவராகவோ, குழந்தையாகவோ, மனநலம் குன்றியவராகவோ இருப்பின் நெருங்கிய உறவினர் அளிக்கும் ஒப்புதல். இவ்வொப்புதலை அரசால் ஏற்கப்பட்ட நல அமைப்பின் தலைவர் அல்லது செயலாளருக்கு மட்டுமே அளிக்க இயலும்.

73 ஆம் பிரிவு, இத்தகைய வழக்குகளின் நீதிமன்ற நடவடிக்கைகளை நீதிமன்றத்தின் முன் அனுமதியின்றி வெளியிடுவதைத் தடை செய்கிறது. உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் ஆகியவற்றின் தீர்ப்புரைகளை வெளியிடுவது இதன்படி குற்றமாகாது. இந்த விளக்கம் பழைய சட்டத்திலிருந்தே தொடர்கிறது. எனவே தீர்ப்புரையில் பெயர் இருந்தால் அது சட்டப்படியே பரவக்கூடும் என்ற இடைவெளி இருந்தது. 2003 இல் கருநாடக அரசு எதிர் புட்டராசா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கவனத்தில் கொண்டு, சட்டத் தடை இல்லாவிடினும் பாதிக்கப்பட்டவர் சமூகத்தால் ஒதுக்கப்படுவதைத் தடுக்கும் நோக்கில் தீர்ப்புகளில் பெயரைக் குறிப்பிடாதிருப்பதே பொருத்தமானது என்று கூறியது. அத்தீர்ப்பில் அவர் 'பாதிக்கப்பட்டவர்' என்றே குறிக்கப்பட்டார்.

குழந்தைகள் தொடர்பான சட்டங்கள்

குழந்தைகளுக்கான விதிகள் இவற்றினும் கடுமையானவை. நவம்பர் 14, 2012 முதல் நடைமுறையில் உள்ள, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் (போக்சோ) பின்வருமாறு கூறுகிறது.

- பிரிவு 23: குழந்தையின் பெயர், முகவரி, ஒளிப்படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி ஆகியவற்றை ஊடகங்கள் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வெளியீட்டாளரும் உரிமையாளரும் தம் ஊழியரின் செயலுக்குப் பொறுப்பாவர்.
- பிரிவு 24: குழந்தையின் அடையாளம் ஊடகங்களுக்குத் தெரியாமல் காப்பது காவல் அதிகாரியின் கடமை.
- பிரிவு 33: விசாரணையின் எக்கட்டத்திலும் குழந்தையின் அடையாளம் வெளிப்படாமல் சிறப்பு நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும். குழந்தையின் நலனுக்கு உகந்தது எனக் கருதினால் மட்டும், காரணங்களை எழுதி வைத்து நீதிமன்றம் வெளியிட அனுமதிக்கலாம்.
- பிரிவு 37: மூடிய அறையில், குழந்தையின் பெற்றோர் அல்லது அது நம்பும் வேறொருவர் முன்னிலையில் விசாரணை நடைபெற வேண்டும்.

2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74 ஆம் பிரிவு, குற்றத்தின் வகையைக் கருதாமல், பாதிக்கப்பட்ட குழந்தை, சாட்சியான குழந்தை, சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தை ஆகிய அனைவரின் அடையாளத்தையும் வெளியிடத் தடை விதிக்கிறது. இதை மீறுவோருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம்

2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வழக்கு ஆவணங்களை எவரும் கோரலாம். ஒருவரின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து விளைவிக்கும் தகவல், புலனாய்வுக்கு இடையூறாகும் தகவல், தனிப்பட்ட தகவல் ஆகியவற்றுக்கு அச்சட்டத்தின் 8 ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆவணம் முழுவதையும் மறுக்க வேண்டிய தேவையில்லை. 10 ஆம் பிரிவின்படி, விலக்களிக்கப்பட்ட பகுதியை நீக்கிவிட்டு எஞ்சியதை வழங்கலாம். பாதிக்கப்பட்டவரின் பெயரை மறைத்துக் காவல் துறையின் செயற்பாட்டை மட்டும் மக்கள் அறிய இப்பிரிவு வழிசெய்கிறது.

நிபுண் சக்சேனா தீர்ப்பு

திசம்பர் 11, 2018 அன்று நீதிபதிகள் மதன் லோக்கூர், தீபக் குப்தா ஆகியோர் கொண்ட அமர்வு இத்தீர்ப்பை வழங்கியது. சட்டப்பிரிவுகள் முதன்மையாக 'வெளியிடுவோர்' மீது கவனம் செலுத்தின. இத்தீர்ப்பு பதிவேட்டை உருவாக்குவோர், வைத்திருப்போர் ஆகியோரின் கடமைகளையும் வரையறுத்தது. அதன் முக்கிய நெறிமுறைகள் வருமாறு:

- அச்சு, மின்னணு, சமூக ஊடகம் என எதிலும் பெயரை வெளியிடக் கூடாது. மறைமுகமாக அடையாளம் காட்டும் செய்திகளையும் வெளியிடக் கூடாது.
- பாலியல் வன்கொடுமை, போக்சோ வழக்குகளின் முதல் தகவல் அறிக்கைகளைக் காவல் துறை பொதுவெளியில் வைக்கக் கூடாது.
- பெயர் உள்ள ஆவணங்களைக் கூடியவரை முத்திரையிட்ட உறையில் வைக்க வேண்டும். பொதுமக்கள் பார்வைக்கு வரக்கூடிய கோப்பில், பெயர் நீக்கப்பட்ட அதே போன்ற ஆவணத்தை வைக்க வேண்டும்.
- விசாரணை அமைப்போ நீதிமன்றமோ பெயரைத் தெரிவிக்கும் எல்லா அலுவலர்களும் அதை இரகசியமாகக் காக்கக் கடமைப்பட்டவர்கள். தம் அறிக்கையையும் முத்திரையிட்ட உறையிலேயே அனுப்ப வேண்டும்.
- பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யும்போது தம் அடையாளத்தை வெளியிட வேண்டியதில்லை.
- இறந்தவர், மனநலம் குன்றியவர் ஆகியோரின் பெயரை உறவினர் ஒப்புதல் இருந்தாலும் வெளியிடலாகாது. வெளியிட வேண்டிய தகுந்த சூழல் உள்ளதா என்பதை அமர்வு நீதிபதி முடிவு செய்வார்.

இறந்தோருக்கும் மாண்பு உண்டு என்ற கருத்தே கடைசி நெறிமுறைக்கு அடிப்படை. போராட்டத்தின் அடையாளமாக ஒருவரின் பெயர் தேவை என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2012 தில்லி வழக்கில் ஊடகங்கள் சூட்டிய 'நிர்பயா' என்ற புனைபெயரைக் கொண்டே நாடு முழுவதும் இயக்கம் நடைபெற்றதை இங்கு ஒப்புநோக்கலாம்.

முதல் தகவல் அறிக்கையும் இணையமும்

2016 செப்டம்பரில் இந்திய இளைஞர் வழக்கறிஞர் சங்கம் தொடர்ந்த வழக்கில், முதல் தகவல் அறிக்கைகளைப் பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள் காவல் துறை இணையத்தளத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் தம் மீதான புகாரை விரைவில் அறிந்து சட்ட உதவி பெறுவதே இதன் நோக்கம். பாலியல் குற்றம், பயங்கரவாதம், கிளர்ச்சி, போக்சோ போன்ற உணர்திறன் மிக்க வழக்குகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஓர் அறிக்கையை ஏற்றுவதில்லை என்ற முடிவைக் காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி எடுக்க வேண்டும்.

இவ்வேற்பாட்டில் வெளியிடுவதே பொது நிலை. மறைப்பதற்கு ஒருவர் தனியே செயற்பட வேண்டும். எனவே மனிதத் தவறோ கணினிக் கோளாறோ நேரும்போது விளைவு வெளிப்படுத்தலாகவே அமைந்துவிடுகிறது.

பாதுகாப்பு தவறிய நிகழ்வுகள்

பொள்ளாச்சி, 2019

பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் புகார் கொடுத்த இளம்பெண்ணின் பெயரை மாவட்டக் காவல் துறைத் தலைமை செய்தியாளர் சந்திப்பில் வெளியிட்டது. பின்னர் வழக்கை நடுவண் புலனாய்வுச் செயலகத்துக்கு மாற்றிய அரசாணையிலும் அவரது பெயரும் விவரங்களும் இடம்பெற்றன. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மார்ச் 2019 இல், அப்பெண்ணுக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும், பெயர் இல்லாத புதிய அரசாணை வெளியிடவும் உத்தரவிட்டது. இவ்வழக்கில் மேலும் பல பெண்கள் பாதிக்கப்பட்டிருந்தனர். புகார் கொடுக்க முன்வருவோர் இவ்வெளியீட்டால் அஞ்சக்கூடும் என்பதே அன்றைய முதன்மைக் கவலையாக இருந்தது. மே 13, 2025 அன்று கோயம்புத்தூர் மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும் வரை சிறைத்தண்டனை விதித்தது.

சென்னை, 2024

திசம்பர் 2024 இல் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அவ்வழக்கின் முதல் தகவல் அறிக்கை காவல் துறை இணையத்தளத்தில் சிறிது நேரம் திறந்த நிலையில் இருந்து, பின் சமூக ஊடகங்களில் பரவியது. பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து புதிய சட்டத்துக்குக் கணினி அமைப்பை மாற்றியபோது ஏற்பட்ட தொழில்நுட்பச் சிக்கலால் அறிக்கையைப் பூட்டுவதில் தாமதம் நேர்ந்திருக்கலாம் என்று தேசிய தகவலியல் மையம் விளக்கம் அளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் திசம்பர் 28 அன்று மூன்று பெண் இந்தியக் காவல் பணி அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அடையாளம் வெளியானதற்காக 25 இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. சூன் 2025 இல் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

இவ்விரு நிகழ்வுகளிலும் பெயரை முதலில் வெளிப்படுத்தியது பத்திரிகையன்று. காக்க வேண்டிய அரசின் பதிவேடே என்பது குறிப்பிடத்தக்கது.

பிற நிகழ்வுகள்

2018 இல் சம்மு காசுமீரின் கதுவாவில் கொல்லப்பட்ட எட்டு வயதுச் சிறுமியின் பெயரையும் படத்தையும் வெளியிட்டமைக்காகப் பன்னிரண்டு ஊடக நிறுவனங்கள் தலா பத்து இலட்சம் ரூபாய் செலுத்த தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அத்தொகை பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டு நிதிக்கு அனுப்பப்பட்டது. ஆகத்து 20, 2024 அன்று, கொல்கத்தா மருத்துவமனையில் கொல்லப்பட்ட பயிற்சி மருத்துவரின் பெயர், ஒளிப்படம், காணொளிகள் ஆகியவற்றை எல்லாச் சமூக ஊடகங்களிலிருந்தும் நீக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

மறைமுக அடையாளப்படுத்தல்

பெயரை மட்டும் நீக்குவது போதுமானதன்று. தனித்தனியே தீங்கற்ற தகவல்கள் ஒன்றுசேரும்போது ஒரே ஒரு நபரைச் சுட்டக்கூடும். எடுத்துக்காட்டாக, ஒரு செய்தி சிற்றூரின் பெயரையும், மற்றொன்று சிறுமி படிக்கும் வகுப்பையும், மூன்றாவது தந்தையின் தொழிலையும் கூறினால், மூன்றையும் படித்த ஊராருக்கு அச்சிறுமி யார் என்பது தெரிந்துவிடும்.

குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவரின் உறவினராக இருக்கும்போது இச்சிக்கல் மிகுதியாகிறது. தந்தை மீதான வழக்கில் தந்தையின் பெயரை வெளியிட்டு, 'அவரது மகள்' என்று எழுதினால் மகளின் பெயரை எழுதாமலேயே எழுதியதாகிறது. இத்தகைய வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரையும் தீர்ப்புரையில் எழுத்துக் குறியீடுகளால் மறைப்பது உண்டு. இது அவரைக் காப்பதற்காக அன்று.

நீதிமன்ற நடைமுறைகள்

பெயரை மறைத்தவாறே வழக்கை நடத்த நீதிமன்றங்கள் பல முறைகளைக் கையாள்கின்றன.

- 'எக்சு', 'செல்வி அ' போன்ற குறியீடுகள் அல்லது 'அரசுத் தரப்புச் சாட்சி 1' என்ற எண்ணால் குறித்தல்.
- மூடிய அறை விசாரணை. இது தற்போது பாரதிய நாகரிக் சுரக்சா சன்ஹிதாவின் 366 ஆம் பிரிவில் உள்ளது. பெயரையும் முகவரியையும் மறைத்து நடவடிக்கைகளை வெளியிட நீதிமன்றம் அனுமதிக்கலாம்.
- நேரலை ஒளிபரப்பிலிருந்து விலக்கு. 2018 இல் சுவப்னில் திரிபாதி வழக்கில் நேரலையை ஏற்ற உச்ச நீதிமன்றம் பாலியல் வழக்குகளை அதிலிருந்து விலக்கியது.
- பதிவக ஆய்வு. 2023 இல் தில்லி உயர் நீதிமன்றம் சலீம் எதிர் தில்லி அரசு வழக்கில், தாக்கல் செய்யப்படும் மனுக்களில் பாதிக்கப்பட்டவரின் பெயர், பெற்றோர், முகவரி, ஒளிப்படம், சமூக ஊடக விவரம் ஆகியவை இடம்பெறாதவாறு பதிவகம் சரிபார்க்க வேண்டும் என உத்தரவிட்டது. அவரை வழக்கின் தரப்பினராகச் சேர்க்க வேண்டியதில்லை என்றும் கூறியது.

பாலியல் குற்றம் அல்லாத வழக்குகளில், 2018 இல் மகேந்தர் சாவ்லா வழக்கின் வழியாக உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் உதவுகிறது. அச்சுறுத்தல் உள்ள சாட்சி, மாவட்ட அளவிலான அதிகார அமைப்பிடம் விண்ணப்பித்து அடையாள மறைப்பைப் பெறலாம். இது தானாகக் கிடைப்பதன்று. கேட்டுப் பெற வேண்டியது.

குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை

அடையாளப் பாதுகாப்பு என்பது பொதுமக்களிடமிருந்து காப்பதே. பொதுவாகக் குற்றம் சாட்டப்பட்டவரிடமிருந்து மறைப்பதன்று. தம் மீது புகார் கூறுபவர் யார் என்று அறியாமல் எவரும் தம்மைத் தற்காத்துக்கொள்ள இயலாது. ஆகவே குற்றப்பத்திரிகையின் நகல் அவருக்கு அளிக்கப்படுகிறது; குறுக்கு விசாரணையும் நடைபெறுகிறது. அவ்வாறு பெற்ற ஆவணத்தை அவரோ அவரது வழக்கறிஞரோ பொதுவெளியில் பரப்பினால் அது குற்றமாகும்.

பிற நாடுகளில்

ஐக்கிய இராச்சியத்தில் 1976 ஆம் ஆண்டுச் சட்டம் வன்கொடுமைப் புகார்தாரர்களுக்குப் பெயர் மறைப்பை வழங்கியது. 1992 ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பிற பாலியல் குற்றங்களுக்கும் விரித்தது. இப்பாதுகாப்பு வாழ்நாள் முழுவதும் நீடிக்கும்.

ஐக்கிய அமெரிக்காவின் நிலை வேறானது. 1975 இல் காக்சு ஒளிபரப்பு நிறுவனம் எதிர் கோன் வழக்கில், நீதிமன்றப் பதிவேட்டில் வெளிப்படையாக உள்ள பெயரை ஊடகம் வெளியிட்டதற்குப் பொறுப்பாக்க முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது. 1989 இல் புளோரிடா சுடார் வழக்கில், காவல் துறை தவறுதலாகச் செய்தியாளர் அறையில் வைத்த அறிக்கையிலிருந்து பெயரை வெளியிட்ட இதழும் பொறுப்பிலிருந்து விடுபட்டது. எனவே அங்கு பதிவேட்டிலிருந்து பெயர் வெளியேறாமல் காப்பதே முதன்மைப் பாதுகாப்பாகும். வாசிங்டன் மாநிலம் 1991 இல் தொடங்கிய முகவரி மறைப்புத் திட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. குடும்ப வன்முறையிலிருந்து தப்பியோர் தம் வீட்டு முகவரிக்கு மாற்றாக அரசு தரும் அஞ்சல் முகவரியைப் பதிவேடுகளில் பயன்படுத்தலாம்.

இலங்கையில் 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட 365இ பிரிவு, பாலியல் குற்றங்களால் பாதிக்கப்பட்டோரின் அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கிறது. பன்னாட்டு அளவில், 1985 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற, குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான நீதி பற்றிய அடிப்படைக் கொள்கைகளின் சாற்றுரை, தேவையான இடங்களில் அவர்களின் தனியுரிமையைக் காக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொள்கிறது.

விவாதங்கள்

வெளிப்படைத்தன்மை: பதிவேடுகளை அளவுக்கு மீறி மூடினால் காவல் துறையின் தவறுகளும் மறைந்துவிடும் என்று ஊடகத்தினரும் ஆய்வாளர்களும் கூறுகின்றனர். பெயரை மட்டும் நீக்கி, வழக்கின் போக்கைத் திறந்து வைப்பதே இதற்குப் பொதுவாக முன்வைக்கப்படும் தீர்வாகும்.

பாதிக்கப்பட்டவரின் விருப்பம்: வெட்கப்பட வேண்டியவர் குற்றவாளியே எனக் கூறித் தம் பெயருடன் பேச முன்வருவோர் உளர். வயது வந்தவர் தாமே ஒப்புதல் அளிக்கும் உரிமையைச் சட்டம் அவருக்கு அளித்துள்ளது. மறைப்பு அவரது உரிமையே தவிர, அவர் மீது சுமத்தப்படும் கட்டாயமன்று.

எல்லை: கொள்ளை, அமில வீச்சு, இணைய மோசடி போன்றவற்றால் பாதிக்கப்பட்ட வயது வந்தோரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் இணையத்தில் ஏற்றப்படும் முதல் தகவல் அறிக்கைகளில் காணக்கிடைக்கின்றன. இவர்களுக்குத் தானாகக் கிடைக்கும் பாதுகாப்பு இல்லை.

பழைய பதிவுகள்: விதிகள் வலுப்பெறுவதற்கு முன் வெளியான தீர்ப்புகளில் பெயர்கள் அப்படியே உள்ளன. அவற்றை நீக்கக் கோரிப் பாதிக்கப்பட்டவரே மீண்டும் நீதிமன்றத்தை நாட வேண்டியுள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

- தனியுரிமை
- முதல் தகவல் அறிக்கை
- தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005
- பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012
- பாரதிய நியாய சன்ஹிதா

பகுப்புகள்: இந்தியச் சட்டங்கள் | தனியுரிமை | குற்றவியல் | மனித உரிமைகள்